பந்தியும் பதிவேடும்

திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் விழுப்புரம் பாசஞ்சரில் மேல்பட்டாம்பாக்கம் பக்கம்தான். வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், அடுத்து இறங்க வேண்டியதுதான். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் கரும்பும் நெல்லும் மாறி மாறி ஓடுகின்றன. நெல்லிக்குப்பம் வந்ததும் சன்னல் வழியாகக் கரும்புச்சாறு காய்கிற வாசனை உள்ளே நுழைந்தது. பாரி கம்பெனி 1842-இல் சர்க்கரை ஆலை தொடங்கிய ஊர் அது.

நான் தேடி வந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து இந்தப் பக்கம் வந்த ஒரு மனிதரை. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1861-இல் பட்டாம்பாக்கத்தில் குடியேறி, ஒரு மிஷன் நிலையம் அமைத்து, அதற்குப் பெத்தானியா என்று பெயர் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1860-இல், ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் அவருடைய நூல் ஒன்று அச்சாகியிருந்தது. இந்தியாவில் சாதியைப் பற்றியும், பழைய லுத்தரன் மிஷனுக்குள் சாதி நடத்திய வரலாற்றைப் பற்றியும் பேசும் நூல். ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவர் அதன் சில பகுதிகளை வாசித்துப் பொருள் சொன்ன நாளிலிருந்து இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஒரு பாதிரியார் தன்னை அனுப்பிய சங்கத்தோடு முறித்துக்கொண்டு, கையில் பெரிய ஆதரவு ஏதுமின்றி, ரயில் வராத காலத்தில் இந்த வயல்காட்டுக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என்ன? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விதான்.

அந்தக் கேள்வி ஓக்ஸ் கண்டுபிடித்தது இல்லை. முந்தின நாள் மாலை கடலூர் முதுநகரில் நடந்தபோது அதன் வேர் எவ்வளவு பழையது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். தரங்கம்பாடியிலிருந்து லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1717-இல் இந்தக் கடலூருக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார். அந்தப் பள்ளியின் தொடர்பால் தரங்கம்பாடி சென்று ஞானஸ்நானம் பெற்ற கடலூர் வேளாளர் குடும்பத்து இளைஞர் ஆறுமுகம், ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28-ஆம் தேதி அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேசக் குரு கடலூர்க்காரர்.

அதே காலத்தில் தஞ்சாவூர் நாட்டில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். படைவீரராக இருந்து உபதேசியார் ஆனவர், பறையர் குலத்தவர். ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்தவர். அவருக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1741-இல் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இது நமக்கு எப்படித் தெரியும்? மிஷனரிகள் எழுதி வைத்ததால். தங்களுக்குப் பெருமை தராத இந்த முடிவையும், அதற்கான காரணத்தையும், கடிதமாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதங்கள் ஹாலே நகரில் உள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பாதிரிமார் காகிதங்களின் முதல் சிறப்பு இதுதான். தம் வெற்றியைச் சொல்ல உட்கார்ந்தவர்கள், எழுதுகிற பழக்கத்தின் வேகத்தில், தோல்வியையும் சொல்லிவிடுகிறார்கள்.

*

மேல்பட்டாம்பாக்கம் இன்று ஒரு பேரூராட்சி. நிலையத்திலிருந்து நடந்தேன். பூவரச மர நிழலில் ஆட்டோக்கள், சைக்கிளில் பால் கேன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். டீக்கடையில் "மிஷன் கோயிலு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டுகிறார்கள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் மிஷன் என்ற சொல் இங்கே ஒரு திசையின் பெயராக நிற்கிறது.

பெத்தானியா என்ற பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எருசலேமுக்குப் பக்கத்தில் இருந்த சிற்றூர் அது. மார்த்தாள், மரியாள், லாசரு என்ற உடன்பிறப்புகளின் வீடு அங்கே இருந்தது. இயேசு அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சாப்பிட்டார். அதே ஊரில் குஷ்டரோகியான சீமோன் வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்தார். ஊர் ஒதுக்கி வைத்தவன் வீட்டில் சாப்பிட்ட இடம் பெத்தானியா. சாப்பாட்டுப் பந்திக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு மனிதர் தன் புது நிலையத்துக்கு இந்தப் பெயரை வைத்தது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சண்டை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓக்ஸ் 1840-களின் தொடக்கத்தில் லைப்சிக் மிஷன் என்று பின்னர் பெயர் பெற்ற ஜெர்மன் லுத்தரன் சங்கத்தின் ஊழியராகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். மாயவரத்தில் பணியாற்றினார். 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்ட பிறகு, அங்கிருந்த பழைய லுத்தரன் சபைகள் இந்தச் சங்கத்தின் கைக்கு வந்தன. சபைகளோடு சேர்ந்து சாதி வழக்கமும் வந்தது. கோயிலுக்குள் தனித்தனி இடத்தில் உட்கார்வது, தனித்தனி வரிசையில் இராப்போஜனம் வாங்குவது எல்லாம் அந்தச் சபைகளில் வேர்விட்டிருந்தன.

ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் இதை அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மதுரையில் அமெரிக்க மிஷன் 1847-இல் தன் ஊழியர்கள் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது. மறுத்தவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். 1850-இல் மதராஸ் மிஷனரி மாநாடு, ஒருவன் சாதியை விட்டான் என்பதற்கு அவன் யாரோடும் உட்கார்ந்து உண்பதே சான்று என்ற நிலைக்கு வந்தது. லைப்சிக் மிஷன் மட்டும் தனித்து நின்றது.

அதன் தலைவர் கார்ல் கிரவுல். தமிழ் உலகம் மறக்கக்கூடாத பெயர். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் செய்து தமிழ் கற்றவர். திருக்குறளை 1856-இல் ஜெர்மனில் தந்தார்; அவருடைய லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த மறு ஆண்டு, 1865-இல் வெளிவந்தது. சாதி என்பது பெரிதும் சமூக வழக்கம், அதை வற்புறுத்தி உடைத்தால் மனம் மாறாது, சுவிசேஷம் மெல்ல மெல்லக் கரைக்கட்டும் என்பது அவர் கட்சி. ஓக்ஸ் கேட்டதோ வேறு. சபை ஊழியத்துக்கு வருகிறவனாவது சாதியை முழுவதும் விட்டிருக்க வேண்டாமா, அவனே ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தால் அந்த வீட்டுக்கு எதை எடுத்துச் சொல்வான் என்பது அவர் கட்சி. வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்து, கடைசியில் உறவு முறிந்தது.

கிரவுலை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்ற வள்ளுவர் கருத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கை அது. ஒரு நாட்டின் வழக்கத்தை வெளிநாட்டான் தடி எடுத்து உடைக்கக்கூடாது என்ற மரியாதையும் அவர் பேச்சில் இருந்தது. ஆனால் அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்க்கும்போது என் மனம் ஓக்ஸ் பக்கம் சாய்கிறது. மெல்லக் கரையட்டும் என்று மேலே இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, வாசற்படிக்கு வெளியே காத்து நின்றவர்களின் ஆயுள் முடிந்துபோயிற்று. ராஜநாயக்கன் காத்திருந்தது அப்படித்தான். பந்திக்கு முந்து என்று பழமொழி சொல்லும் நாட்டில் கடைசிப் பந்தியும் கிடைக்காமல் நின்ற மக்கள் அவர்கள்.

*

ஓக்ஸ் தனியாக வெகுநாள் இருக்கவில்லை. 1821-இல் தொடங்கப்பட்டிருந்த டேனிஷ் மிஷன் சங்கம், தன் பணிக்கு ஒரு களம் தேடிக்கொண்டிருந்தது. பட்டாம்பாக்கத்தை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1864-இல் டென்மார்க்கும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. ஐரோப்பாவில் ஜெர்மானியரும் டேனியரும் சுட்டுக்கொண்ட அதே ஆண்டில், தென்னாற்காட்டு வயல்வெளியில் ஒரு ஜெர்மானியர் டேனியர் காசில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 1873-இல் ஓக்ஸ் இறந்தார். அதற்குள் திருக்கோயிலூரிலும் டேனிஷ் மிஷன் கால் ஊன்றிவிட்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, வேர் தேடிப் போனால் இந்தப் பெத்தானியாவுக்குத்தான் வரவேண்டும்.

இந்த மிஷனின் பழைய காகிதங்கள் கோபன்ஹேகனில், டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றையும், இதே தென்னாற்காட்டில் வேலை செய்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமாரின் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஹென்ரியெட் புக்கே என்ற டேனிஷ் வரலாற்றாசிரியர் 1994-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1840 முதல் 1900 வரையிலான தமிழ்ச் சமூகத்தைப் பற்றிய ஆய்வு அது. அப்படிப் படிப்பதுதான் சரியான முறை என்று நினைக்கிறேன். பாதிரியாரின் கடிதம் நன்கொடை கொடுப்பவர் கண்ணுக்கு எழுதப்படுவது. அதில் இருள் கூடுதலாக இருட்டும், ஒளி கூடுதலாக ஒளிரும். இரண்டு சபையார் எழுதியதையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் நடுவில் நிற்கிற மனிதர்கள் தெரிவார்கள்.

அந்த மனிதர்களில் பெரும்பாலானவர்கள் பண்ணையாட்களும் படியாட்களும். நிலம் இல்லாதவர்கள், குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் இடத்தில் இருந்ததால், வாய் திறந்தால் வீடும் போய்விடும் நிலையில் இருந்தவர்கள். அவர்கள் சபைக்கு வந்தார்கள், சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு சபைக்கு மாறினார்கள். மிஷனரிகள் இதை நன்றிகெட்டதனம் என்று மனம் நொந்து எழுதுவதுண்டு. இன்று வாசிக்கும் நமக்கு அதே வரிகள் வேறொன்றைச் சொல்கின்றன. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மனைக்கு ஒரு பாதுகாப்பு, கச்சேரியில் பேச ஒரு வாய், நாலு பேர் நடுவில் ஒரு மரியாதை. இவற்றை எடைபோட்டு, துணிந்து, தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தவர்கள் அவர்கள். பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியதும், 1892-இல் அரசு ஆணை வந்ததும், இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவதும், இந்த மனைப் பிரச்சினையின் தொடர்ச்சிதான். அந்த மாவட்டத்து மிஷனரிகளின் எழுத்தும் அதற்கு முன்னால் நடந்து போயிருக்கிறது.

மொழிக்கும் இந்தக் காகிதக் கூட்டம் செய்த நன்மை உண்டு. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் சென்னையில் இருந்தபடி தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, பொருள்வாரியாகப் பிரித்து, 1897-இல் நூலாக்கினார். மொத்தம் 3644 பழமொழிகள்.

*

கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சபையில் மூப்பராகவும் இருந்தவர். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஓக்ஸ் ஐயரைத் தேடி வந்தீங்களா? உக்காருங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க."

அவர் வீடு பக்கத்திலேயே. உள்ளே போய் ஒரு பழைய வேதாகமத்தை எடுத்து வந்தார். முன்பக்க வெள்ளைத் தாள்களில் குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் வெவ்வேறு கையெழுத்துகளில். கிறிஸ்தவ வீடுகளில் இது வழக்கம்தான். அவர் காட்ட நினைத்தது அதற்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுத் தாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த தங்கள் முன்னோரின் வரியை அவருடைய தாத்தா பார்த்து எழுதி வைத்தது. எண். தேதி. பழைய பெயர். புதிய பெயர். வயது. ஊர். தொழில். ஞானஸ்நானம் கொடுத்தவர்.

வயது என்ற இடத்தில் "சுமார் 40" என்று இருந்தது. தொழில் என்ற இடத்தில் "கூலி".

"இந்தச் சுமார்ங்கிற வார்த்தையப் பாத்தீங்களா?" என்றார் பெரியவர். "அவருக்கு என்ன வயசுன்னு அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஐயர்தான் மொதமொதல்ல கேட்டாரு. இவருக்குத் தெரியல. சுமார்னு போட்டுக்கிட்டாங்க."

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எனக்கு மூணு தலைமுறை வாய்வழியாத் தெரியும். அதுக்கு மேல இருக்கிறது இந்த ஒரே ஒரு வரிதான். இதுக்கும் மேல ஒண்ணும் கெடையாது."

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து சற்றுத் தூரத்தில் திருவதிகை. அந்தப் பக்கம் திருக்கோயிலூர். கோயில் சுவர்களில் ஆயிரம் ஆண்டுப் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. விளக்குக்கு ஆடு கொடுத்தவர், நிலம் விட்டவர், சபை கூடிக் கையெழுத்திட்டவர். கொடுக்க ஏதும் இல்லாதவனின் பெயர் கல்லில் ஏறவில்லை. பட்டா இல்லாததால் வருவாய்க் கணக்கிலும் ஏறவில்லை. அப்படி ஒருவனை எதிரே உட்கார வைத்து, உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு மையில் எழுதியது ஒரு கோயில் பதிவேடு. பாதிரியார் நினைத்தது ஆத்துமக் கணக்கு. விளைந்தது ஒரு குடும்பத்தின் முதல் எழுத்து.

"மூல ரிஜிஸ்டர்களை நல்லபடியா வெச்சிருக்காங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"கடல் பக்கத்து மாவட்டம் தம்பி. காத்துலயே ஈரம். பழைய காகிதம் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?"

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்த மாவட்டத்தில்தான் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரிக் காடுகளும் வேரோடு சாய்ந்தன. 2015-இல் வெள்ளம். மரம் விழுந்ததைக் கணக்கெடுத்தோம். ஊர்க் கோயில்களின் மர அலமாரிகளில் நனைந்துபோன காகிதத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. கோபன்ஹேகனுக்குப் போன கடிதங்கள் வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த அறையில் பத்திரமாக இருக்கின்றன. அவை பாதிரியார் தம் மேலிடத்துக்குச் சொன்னவை. மக்களின் பெயர் நிறைந்த ஏடுகளோ ஊரில் தங்கிவிட்டவை. கரையானுக்கும் புயலுக்கும் நடுவில் இருப்பவை. ஒவ்வொரு சபையும் தன் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். கையில் ஒரு நல்ல கைப்பேசியும் இரண்டு இளைஞர்களும் ஒரு கோடை விடுமுறையும் போதும்.

*

மத்தியானம் பெரியவர் வீட்டில் சாப்பாடு. பிறகு பண்ருட்டி போய், அங்கிருந்து வடலூர் பஸ் பிடித்தேன். காடாம்புலியூர் தாண்டி இருபுறமும் முந்திரித் தோப்பு.

வடலூருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஓக்ஸ் பட்டாம்பாக்கத்தில் இருந்த ஆண்டுகள் 1861 முதல் 1873 வரை. அங்கிருந்து தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டரில், அதே ஆண்டுகளில், ராமலிங்க வள்ளலார் சாதியும் சமயமும் பொய் என்று பாடிக்கொண்டிருந்தார். 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். பசித்து வந்தவன் யார் என்று கேட்காமல் சோறு போடும் அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வள்ளலார் சொன்னது ஜீவகாருண்யம். ஓக்ஸ் பேசியது சுவிசேஷம். ஒருவர் மருதூரில் பிறந்த தமிழர். மற்றவர் கடல் தாண்டி வந்தவர். இரண்டு பேரும் ஒரே மண்ணில், ஒரே பத்தாண்டில், ஒரே இடத்தில் விரல் வைத்தார்கள்: சோற்றுப் பந்தி. ஒரு சமூகத்தில் யாருக்கு என்ன இடம் என்பதைச் சாத்திரத்தைவிடப் பந்தி நன்றாகச் சொல்லும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

தருமச்சாலையில் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் ஊர் ஊராக நடக்கும் ஒரு துறவி, வலப்பக்கம் நெய்வேலிக்குக் கட்டட வேலைக்குப் போகிற ஒரு தாயும் மகளும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த வரிசையில் உட்கார்ந்தோம்.

வந்த வரிசை என்ற அந்தச் சொல்லில் என் மனம் மறுபடியும் பெரியவரின் தாளுக்குப் போயிற்று. அதன் முதல் கட்டத்தில் இருந்தது ஒரு எண். சாதியைக் குறித்து வைத்த பதிவேடுகளும் உண்டு. கோயிலுக்குள் தனித்தனியாக உட்கார வைத்த சபைகளும் உண்டு. ஆனால் பதிவேட்டில் எண் தேதியைப் பார்த்துத்தான் விழும். முதலில் வந்தவர் மேலே, அடுத்து வந்தவர் அவருக்குக் கீழே. சுமார் நாற்பது வயதுக் கூலிக்காரருக்கு முந்தின வரியில் யார், பிந்தின வரியில் யார் என்று அந்தத் தாளில் இல்லை. மூல ஏட்டைத் திறந்தால் இருக்கும். தமிழ் வேதாகமம் இராப்போஜன மேசையைப் போஜனபந்தி என்றே சொல்கிறது. அந்த ஏடும் ஒரு பந்திதான். அதில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்தவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக எழுந்திருக்கவில்லை. ஈரம் அவர்களை எழுப்பிவிடும் முன்பு நாம் போய்ச் சேர வேண்டும்.